குதிகால் வலிக்கு 9,500 ரூபாய் இன்சோல் வாங்கலாமா?

காவேரிக்கரை
ஜூன் 3, இரவு 10.40

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 36. திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். 12 மணி நேரப் பணி. உட்காருவது குறிப்பேடு எழுதும் நேரத்தில் மட்டும்தான். நான்கு மாதமாக வலது குதிகாலில் வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால் ஆணியை மிதித்ததுபோல் சுரீரென்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறைக்குப் போகிறேன். பத்து நிமிடம் நடமாடினால் குறைகிறது. பணி முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்து வந்து, இறங்கும்போது மறுபடியும் அதே வலி.

எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பு முள்போல் வளர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். வலி மாத்திரை சாப்பிட்டேன். நிறுத்தியதும் திரும்பிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை, பாதத்தை ஸ்கேன் செய்து, காலணிக்குள் பாதத்துக்கு அடியில் வைக்கும் இன்சோல் விற்கும் கடை ஒன்றுக்குப் போனேன். ஒரு பலகையில் ஏறி நிற்கச் சொன்னார்கள். கணினித் திரையில் என் பாதங்கள் சிவப்பும் மஞ்சளுமாகத் தெரிந்தன. "தட்டைப் பாதம் தொடங்கிவிட்டது. இப்போதே அளவெடுத்து இன்சோல் போடாவிட்டால் முழங்கால் தேய்ந்துவிடும்" என்றார் அங்கிருந்தவர். விலை 9,500 ரூபாய். என் சம்பளத்தில் பாதியை நெருங்கும் தொகை. மருந்துக் கடையில் 350 ரூபாய்க்கு சிலிக்கான் ஹீல் பேட் கிடைக்கிறது. எதை வாங்குவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


வைகைப்பாட்டி
ஜூன் 4, காலை 6.15

மகளே, செங்கல்லை அடுப்பில் வைத்துச் சூடாக்கு. அதன்மேல் பழுத்த எருக்க இலை இரண்டு மூன்றை அடுக்கு. சூடு பொறுக்கும் பதத்துக்கு வந்ததும் குதிகாலை அழுத்தி அழுத்தி எடு. நானும் என் மாமியாரும் இப்படித்தான் சரிப்படுத்திக்கொண்டோம். அடுத்த காலையே காலை ஊன்ற முடியும். முதலில் இதைச் செய்து பார், பிறகு காசைச் செலவழிக்கலாம்.


செம்மண்
ஜூன் 4, காலை 9.02

அக்கா, நான் அளவெடுத்துச் செய்த இன்சோலை மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். அதற்கு முன் ஐந்து வகை ரெடிமேட் வாங்கி, ஐந்தும் வீண். மொத்தச் செலவைக் கூட்டிப் பார்த்தால் முதலிலேயே நல்லதை வாங்கியிருக்கலாம். காலுக்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள். ஊரார் பாதத்துக்குச் செய்தது உங்கள் பாதத்துக்கு எப்படிப் பொருந்தும்?


வேலூர் பட்டறை
ஜூன் 4, பிற்பகல் 1.30

சகோதரி, செயற்கைக் கால், காலிப்பர், இன்சோல், சிறப்புச் செருப்பு ஆகியவற்றை அளவெடுத்துச் செய்வது 19 ஆண்டுகளாக என் தொழில். அளவெடுத்த இன்சோல் விற்றுப் பிழைப்பவன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாங்கு, வாங்காதே என்பதற்கு முன் சில விவரங்கள் வேண்டும்.

கட்டைவிரலால் குதிகாலை அழுத்திப் பாருங்கள். வலி நட்டநடுவிலா, அல்லது நடுவிலிருந்து சற்று முன்னால், உட்பக்கமாகவா? குதிகால் எலும்பின் இரு பக்கமும் உள்ளங்கையை வைத்து நெருக்கினால் வலிக்கிறதா? படுத்திருக்கும்போது, இரவில் வலி உண்டா? மரத்துப்போதல், எரிச்சல், வீக்கம்? காலையில் இடுப்பும் முதுகும் விறைத்துக்கொள்கிறதா? சர்க்கரை பார்த்தீர்களா?

இன்னொன்று. காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை உங்கள் கால் எந்தெந்தத் தரையில், எந்தச் செருப்பில், எத்தனை மணி நேரம் இருக்கிறது? நேற்று ஒரு நாளை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்காக எழுதுங்கள்.


காவேரிக்கரை
ஜூன் 4, இரவு 11.20

மிக்க நன்றி ஐயா. வலி நடுவிலிருந்து முன்னால், உட்பக்கம்தான். ஓர் இடத்தில் அழுத்தினால் கண்ணில் நீர் வந்துவிடுகிறது. பக்கவாட்டில் நெருக்கினால் ஒன்றுமில்லை. இரவில் வலி இல்லை. மரப்பு, வீக்கம், முதுகு விறைப்பு எதுவும் இல்லை. சர்க்கரை அளவு சரியாக இருக்கிறது.

நேற்றைய கணக்கு. காலை 5 முதல் 6.45 வரை வீட்டில் வெறுங்கால், டைல்ஸ் தரை. பிறகு பஸ்ஸுக்கும் மருத்துவமனைக்குமாக வெள்ளை ஷூ, முக்கால் மணி நேரம். என் பணி தீவிர சிகிச்சைப் பிரிவில். ஷூவை வெளியே அலமாரியில் விட்டுவிட்டு, உள்ளே வைத்திருக்கும் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும். எல்லாரும் மாற்றி மாற்றிப் போடும் செருப்பு அது, அடிப்பகுதி அட்டைபோல் தேய்ந்துவிட்டது. அதில் 12 மணி நேரம். மறுபடி ஷூ, முக்கால் மணி நேரம். வீட்டில் சமையல், பாத்திரம், வெறுங்காலில் இரண்டு மணி நேரம்.

எழுதி முடித்த பிறகுதான் எனக்கே உறைக்கிறது. ஷூ என் காலில் இருப்பதே மொத்தம் ஒன்றரை மணி நேரம்தான்.


வேலூர் பட்டறை
ஜூன் 5, காலை 7.50

அதேதான். 9,500 ரூபாய் இன்சோலைச் செய்து ஷூவுக்குள் வைத்தால், அது நாள் முழுவதும் அலமாரியில் இருக்கும். நீங்கள் தேய்ந்த ரப்பர் செருப்பில் நின்றுகொண்டிருப்பீர்கள். ஸ்கேன் எடுத்தவர் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும்.

எங்கள் பட்டறைக்கு வருபவர்களிலும் பெரும்பாலோர் இப்படித்தான். ஷூ போட்டே வாழும் ஊர்களில் எழுதப்பட்ட ஆலோசனை நமக்கு அப்படியே பொருந்தாது. நாம் வாசலில் செருப்பைக் கழற்றுபவர்கள். வீடு, கோயில், பல அலுவலகங்கள், கடைகள், எங்கும் வெறுங்கால். முன்பு சாணம் மெழுகிய தரை, மண் தரை. இப்போது எங்கு பார்த்தாலும் கிரானைட்டும் டைல்ஸும். குதிகாலுக்கு அடியில் விரற்கடை அளவுக்கு ஒரு கொழுப்பு மெத்தையை இயற்கை வைத்திருக்கிறது. நாள் முழுக்கக் கல்லின்மேல் நிற்பதற்கு அது மட்டும் போதாது.

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் உள்ளங்கால் தசைநார்ப் பட்டையின் வலியோடு பொருந்துகின்றன. ஆங்கில மருத்துவத்தில் பிளான்டார் ஃபேசியைட்டிஸ் என்பார்கள். குதிகால் எலும்பில் தொடங்கி, விசிறிபோல் விரிந்து, விரல்களின் அடி வரை போகும் தடித்த பட்டை அது. பாதவளைவை வில்லின் நாண்போல் இழுத்துப் பிடித்திருப்பது அதுதான். எலும்போடு ஒட்டும் இடத்தில் அது நொந்துபோகிறது. இரவெல்லாம் பாதம் தொய்ந்து கிடக்கையில் பட்டை சுருங்கியிருக்கும். காலையில் முதல் அடியில் திடீரென்று இழுபடும். ஆணி குத்துவது அங்கேதான். எக்ஸ்ரேயில் தெரியும் எலும்பு முள்ளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு அது இருக்கிறது. வலி தீர்ந்த பிறகும் முள் அப்படியே இருக்கும்.

இனி இன்சோல். 1999-இல் அமெரிக்காவில் 236 பேரை வைத்து, 8 வாரம் ஓர் ஆய்வு செய்தார்கள். எல்லாரும் காலை நீட்டி இழுக்கும் பயிற்சி செய்தார்கள். அதோடு ஒரு பிரிவினருக்குச் சிலிக்கான் ஹீல் பேட், இன்னொரு பிரிவினருக்கு ரப்பர் ஹீல் கப், மற்றொரு பிரிவினருக்குக் கம்பளித் துணி இன்சோல், வேறொரு பிரிவினருக்கு அளவெடுத்த பிளாஸ்டிக் இன்சோல். ஒரு பிரிவுக்குப் பயிற்சி மட்டும். சிலிக்கான் வைத்தவர்களில் 95 சதவீதம் பேருக்கு முன்னேற்றம். ரப்பரில் 88, கம்பளியில் 81, வெறும் பயிற்சியில் 72. அளவெடுத்த இன்சோலில் 68. இதைப் படித்த நாளில் என் தொழிலை நினைத்து எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. 2006-இல் ஆஸ்திரேலியாவில் 135 பேரை ஓராண்டு தொடர்ந்து பார்த்தார்கள். முதல் மூன்று மாதத்தில் இன்சோல் கொஞ்சம் உதவியது, ரெடிமேடும் அளவெடுத்ததும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு. ஓராண்டு முடிவில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் போலி இன்சோல் வைத்தவர்களும் மற்றவர்களோடு சமமாக வந்துவிட்டார்கள்.

ஆக இந்த வலிக்கு இன்சோல் ஒரு கைத்தடி. புண்பட்ட இடம் ஆறும்வரை பாரத்தைக் குறைத்துக் கொடுக்கும். ஆற்றுகிற வேலையைப் பயிற்சியும் நாளும் செய்யும். பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் தீர்ந்துவிடுகிறது. கைத்தடிக்குச் சந்தன மரம் தேவையில்லை.

நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் உங்களுக்கென்று தனியாக ஒரு ஜோடி வைத்துக்கொள்ள மேற்பார்வையாளரிடம் அனுமதி கேளுங்கள். கழுவிக் கிருமிநீக்கம் செய்யக்கூடிய, குதிகாலை வாரோ சுவரோ பிடித்துக்கொள்ளும் காலணி. குதிகால் பக்கம் விரல்பக்கத்தைவிட ஒன்று, இரண்டு சென்டிமீட்டர் உயர்ந்திருக்கட்டும். ஹீல் பேட் வாங்கினால் இரண்டு காலுக்கும் வையுங்கள். ஒரு காலுக்கு மட்டும் வைத்தால் இடுப்பு சாயும். வீட்டுக்குள் நடக்கத் தனியாக ஒரு செருப்பு, கட்டிலடியிலேயே இருக்கட்டும். தெருவில் போடாத செருப்பு என்றால் வீட்டுப் பெரியவர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

பயிற்சி இரண்டு. முதலாவது, கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன். வலது காலை இடது தொடைமேல் போட்டு, விரல்களைக் கையால் பிடித்து முழங்காலை நோக்கி வளையுங்கள். உள்ளங்காலில் கயிறுபோல் பட்டை விறைப்பது மற்றக் கையின் விரலுக்குத் தெரிய வேண்டும். பத்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. இதைச் செய்யாமல் காலைத் தரையில் வைக்காதீர்கள்.

இரண்டாவது, படிக்கட்டில். ஒரு துண்டைச் சுருட்டி விரல்களுக்கு அடியில் வைத்து, முன்பாதத்தில் நின்று, குதிகாலை மூன்று விநாடி உயர்த்தி, இரண்டு விநாடி நிறுத்தி, மூன்று விநாடியில் இறக்குங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஒரு சுற்றுக்கு 12, மூன்று சுற்று. டென்மார்க்கில் 48 பேரிடம் செய்து பார்த்து 2014-இல் வெளியிட்டார்கள். மூன்றாவது மாதத்தில் இழுவைப் பயிற்சி செய்தவர்களைவிட இவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்திருந்தது. தொடக்கத்தில் இரண்டு காலாலும் செய்யுங்கள், பிறகு வலது காலால் மட்டும்.

பாட்டி சொன்ன செங்கல் ஒத்தடத்தை நான் மறுக்கவில்லை, சூடு இதமாக இருக்கும். ஆனால் எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது, தோலையும் புண்ணாக்கும். சர்க்கரை நோயாளிகள் செங்கல் பக்கமே போகக்கூடாது. உணர்ச்சியில்லாத பாதம் வெந்து கொப்பளித்தபின் எங்களிடம் வருபவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.


வைகைப்பாட்டி
ஜூன் 5, காலை 10.05

சரியாகச் சொன்னாய் தம்பி. என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருந்தது, அவருக்கு நான் இதைச் செய்ததில்லை. ஆனால் இங்கே படிப்பவர்களுக்கு அதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.


செம்மண்
ஜூன் 5, மதியம் 12.40

ஐயா, ஆய்வு எப்படியோ போகட்டும், என் காலில் நடந்தது உண்மை. அளவெடுத்ததைப் போட்டபின்தான் என்னால் வயலுக்குப் போக முடிந்தது. அதை எப்படிக் கைத்தடி என்று ஒதுக்குவீர்கள்?


வேலூர் பட்டறை
ஜூன் 5, மாலை 6.10

தம்பி, உங்கள் காலைப் பற்றிச் சொல்லுங்கள். பிறவியிலேயே வளைவு மிக உயரமா? அடிபட்டதுண்டா?


செம்மண்
ஜூன் 5, இரவு 8.00

2016-இல் பைக் விபத்து. இடது கணுக்காலில் தகடு வைத்தார்கள். கால் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் குட்டை. பாதம் உள்பக்கமாகச் சரிந்து நிற்கும்.


வேலூர் பட்டறை
ஜூன் 5, இரவு 8.35

அப்படியென்றால் உங்களுக்கு அளவெடுத்ததுதான் சரி. ரெடிமேட் ஐந்தும் வீணானதில் வியப்பில்லை. எலும்பு கூடியபின் கோணம் மாறிய கால், நீளம் குறைந்த கால், முடக்குவாதத்தில் விரல்கள் கோணிய பாதம், போலியோ கால், ஒரு விரலோ பாதியோ எடுத்த பாதம், இவற்றுக்குக் கடையில் தொங்கும் இன்சோல் உதவாது. அச்சு எடுத்துத்தான் செய்ய வேண்டும். பண வசதி இல்லாதவர்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் எலும்புப் பிரிவில் கேட்டால் வழி சொல்வார்கள். சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையமும் இருக்கிறது.

நீங்கள் சொன்னதில் நான் ஏற்காதது ஒன்றுதான். உங்கள் காலின் தீர்வு சகோதரியின் காலுக்கும் தீர்வாகிவிடாது.


தஞ்சை வாத்தியார்
ஜூன் 7, காலை 5.50

நான் ஓய்வுபெற்ற ஆசிரியன், வயது 67. சர்க்கரை 18 ஆண்டுகள். பாதத்தில் பஞ்சு மிதிப்பதுபோல் ஒரு உணர்வு, இரவில் எரிச்சல். பேரன் இணையத்தில் கெட்டியான பிளாஸ்டிக் வளைவு வைத்த இன்சோல் ஒன்றை வரவழைத்துக் கொடுத்தான். "ஆரம்பத்தில் உறுத்தும், பழகிவிடும்" என்று அட்டையில் போட்டிருக்கிறது. எனக்கு உறுத்தவே இல்லை. நல்ல அறிகுறிதானே?


வேலூர் பட்டறை
ஜூன் 7, காலை 6.30

ஐயா, தயவுசெய்து அதை உடனே கழற்றிவிடுங்கள். இன்றே இரு பாதங்களின் அடியையும் விரலிடுக்குகளையும் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். சிவந்த இடம், கொப்புளம், காய்ப்பின் கீழ் கறுத்த புள்ளி ஏதாவது தெரிந்தால் இன்றே மருத்துவரிடம் போங்கள்.

உங்களுக்கு உறுத்தாதது பொருந்தியதற்கு அடையாளமாகாது. உறுத்தலைச் சொல்ல வேண்டிய நரம்பு சொல்லவில்லை என்றே நான் அஞ்சுகிறேன். மருத்துவரிடம் நைலான் இழைச் சோதனை செய்யச் சொல்லுங்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் மெல்லிய இழையால் பாதத்தில் அங்கங்கே தொடுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு, தொடும்போது சொல்ல வேண்டும். சொல்ல முடியாத இடங்கள்தான் புண் வரக்கூடிய இடங்கள்.

உங்களுக்குத் தேவை எம்.சி.ஆர். செருப்பு, அதாவது மைக்ரோ செல்லுலார் ரப்பர் எனும் நுண்ணறை ரப்பரில் செய்த செருப்பு. இது எங்கள் மண்ணோடு சேர்ந்த கதை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்ற எலும்பு அறுவை மருத்துவர், தொழுநோயாளிகளின் கைகால்களைச் சீர்செய்வதில் ஈடுபட்டார். தொழுநோயால் சதை தானே அழுகி விழுகிறது என்று உலகமே நம்பிய காலம். வலி தெரியாததால் பட்ட காயமும், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமும்தான் பாதத்தை அழிக்கின்றன என்று அவரும் உடன் உழைத்தவர்களும் காட்டினார்கள். அப்படியானால் அழுத்தத்தைப் பரப்பிவிடும் செருப்பு வேண்டுமே! வேலூரிலும் பக்கத்துக் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் செய்து செய்து பார்த்துத் தேர்ந்ததுதான் நுண்ணறை ரப்பர். எண்ணற்ற நுண்ணிய காற்றறைகள் கொண்ட ரப்பர் அது. உணர்ச்சி இழந்த பாதம் என்ற வகையில் தொழுநோயாளிக்கு உதவியதே சர்க்கரை நோயாளிக்கும் உதவுகிறது. என் ஆசான் அந்தப் பட்டறைகளில் ஒன்றில் தொழில் பழகியவர். செருப்பை முடித்ததும் தன் உள்ளங்கையை அதன்மேல் நடக்கவிட்டு, ஓரங்குலம் விடாமல் தடவிப் பார்த்துத்தான் கொடுப்பார்.

வாங்கும்போது கவனியுங்கள். எம்.சி.ஆர். என்று பெயர் ஒட்டிய செருப்பெல்லாம் எம்.சி.ஆர். ஆகாது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து நசுக்குங்கள். ஏறக்குறைய பாதிக்கு அமுங்கி, விட்டதும் பழைய நிலைக்கு எழ வேண்டும். கல்போல் நின்றாலும், அமுங்கி அமுங்கியபடியே கிடந்தாலும் வேண்டாம். கெட்டித்தன்மை ஷோர் அளவில் 15 முதல் 20 வரை இருப்பது நல்லது. கடைக்காரரிடம் கேளுங்கள். மெத்தென்ற ரப்பருக்குக் கீழே கெட்டியான அடித்தகடு வேண்டும். இல்லாவிட்டால் முள் மேலே வந்துவிடும். ஆணி அடித்த செருப்பு கூடவே கூடாது, ஒட்டியோ தைத்தோ இருக்கட்டும். பின்வார் இருக்க வேண்டும். கட்டைவிரலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் பிடி வைத்தது வேண்டாம். போடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் உள்ளே கைவிட்டுத் தடவுங்கள். ஒரு புளியங்கொட்டை போதும், புண்ணாக்கிவிடும்.


தஞ்சை வாத்தியார்
ஜூன் 7, காலை 9.15

தம்பி, மருமகள் பார்த்தாள். இடது உள்ளங்காலில் வளைவு முடியும் இடத்தில் எட்டணா அகலத்துக்குச் சிவந்திருக்கிறது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. இப்போது மருத்துவமனைக்குக் கிளம்புகிறோம்.


அதிகாலை ஓட்டம்
ஜூன் 9, இரவு 9.30

எனக்கு வலி குதிகாலில் அல்ல, முன்பாதத்தில், இரண்டாவது மூன்றாவது விரலுக்குக் கீழே. கூழாங்கல் மாட்டிக்கொண்டதுபோல் இருக்கிறது. மெரினாவில் வாரம் 30 கிலோமீட்டர் ஓடுகிறேன். மாங்கொட்டை வடிவத்தில் ஒரு சின்ன பேட் வாங்கி, வலிக்கும் இடத்திலேயே வைத்தேன். வலி கூடிவிட்டது.


வேலூர் பட்டறை
ஜூன் 10, காலை 7.00

கூடத்தான் செய்யும் தம்பி. அந்தப் பேட் வலிக்கும் எலும்பு முண்டுக்கு அடியில் வரக்கூடாது. அதற்குச் சற்றுப் பின்னால், குதிகால் பக்கமாக வர வேண்டும். அப்போது எலும்புகளைப் பின்னாலிருந்து தூக்கிப் பிரித்துக் கொடுக்கும். வலிக்கும் இடத்தில் உதட்டுச் சாயத்தைத் தடவி, இன்சோல்மேல் மிதியுங்கள். கறை படிந்த இடத்துக்குப் பின்னால் பேட்டின் முன்விளிம்பு வரும்படி ஒட்டுங்கள். முதலில் ஒட்டும் நாடாவில் தற்காலிகமாக ஒட்டி, இரண்டு நாள் நடந்து பாருங்கள்.

ஷூவின் அகலத்தையும் சோதியுங்கள். மாலையில், கால் சற்று உப்பியிருக்கும் நேரத்தில், வெள்ளைத்தாளில் நின்று பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்து, வெட்டி, ஷூவுக்குள் விடுங்கள். தாளின் ஓரம் மடங்கி ஏறினால் அந்த ஷூ உங்கள் பாதத்தைத் தினமும் அதேபோல் மடக்குகிறது. எந்த இன்சோலும் அதைச் சரிசெய்யாது, உள்ளிடத்தை மேலும் குறைக்கும். இன்சோல் வைக்கும் எவரும் ஷூவோடு வந்த அட்டையை எடுத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் குதிகால் மேலே ஏறி வழுக்கும். முன்பாதத்தின் மேல்புறத்தில் வீக்கமும், ஒரே புள்ளியில் எலும்பைத் தொட்டால் வலியும் இருந்தால் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம்.


இரண்டு குட்டிகளின் அம்மா
ஜூன் 11, பிற்பகல் 3.20

என் மகனுக்கு 4 வயது. பாதம் முழுவதும் தரையில் படிகிறது. பள்ளி முகாமில் வளைவு வைத்த ஷூ வாங்கச் சொன்னார்கள். வலி என்று அவன் சொன்னதில்லை.


வேலூர் பட்டறை
ஜூன் 11, இரவு 9.00

நுனிக்காலில் நிற்கச் சொல்லிப் பாருங்கள். அப்போது வளைவு எழுந்தால், வலியும் இல்லையென்றால், எதுவும் வாங்க வேண்டாம் அம்மா. குழந்தைகளின் வளைவு பத்து வயது வரை உருவாகிக்கொண்டே இருக்கும். மண்ணில் வெறுங்காலோடு ஓடி விளையாட விடுங்கள். வளைவு எழாமல் பாதம் விறைப்பாகவே இருந்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.


நூல்கண்டு
ஜூன் 12, இரவு 11.45

மதுரையில் ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் இருக்கிறேன். காவேரிக்கரை அக்காவுக்கு உள்ளே போட ரப்பர் செருப்பாவது உண்டு. எங்களுக்கு அதுவும் இல்லை, கடைக்குள் வெறுங்கால்தான். காலை 9 முதல் இரவு 9 வரை கல்தரை. தீபாவளி, ஆடித் தள்ளுபடி என்றால் இன்னும் நேரமாகும். எனக்கு இரண்டு குதிகாலும் வலிக்கின்றன. என்னோடு நிற்பவர்களில் வலி இல்லாதவர்கள் குறைவு. நீங்கள் சொல்லும் எதையும் எங்கே வைப்பது?


வேலூர் பட்டறை
ஜூன் 13, காலை 8.10

சகோதரி, நேற்று இரவே உங்கள் கேள்வியைப் படித்தேன். எங்கள் தொழிலில் இதற்குத் தர ஒரு சாதனமும் இல்லை. இன்சோலை வைக்க ஒரு காலணி வேண்டும்.

ஆனால் சட்டம் இருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். கடையில் வேலை செய்பவர்கள் அனைவருக்கும், வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை தர வேண்டும் என்கிறது அது. கேரளத்தில் 2018-இலேயே கொண்டுவந்துவிட்டார்கள், அங்கே அதற்காகப் போராடியவர்கள் ஜவுளிக்கடைப் பெண்களே. ஒருவராகப் போய்க் கேட்காமல் உங்கள் பிரிவில் உள்ளவர்கள் சேர்ந்து கேளுங்கள். கூடவே, நிற்கும் இடத்தில் தடித்த ரப்பர் பாய் விரிக்கவும், கடைக்குள் மட்டும் போடும் சுத்தமான செருப்புக்கும் அனுமதி கேளுங்கள். வாடிக்கையாளர் கண்ணில் படாத பக்கத்தில்தானே நிற்கிறீர்கள்.

கட்டிலில் செய்யும் பயிற்சியை இன்றே தொடங்குங்கள். அதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.


காவேரிக்கரை
ஜூலை 20, இரவு 10.15

ஆறு வாரம் முடிந்தது. மேற்பார்வையாளரிடம் கேட்டேன். தொற்றுக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பேசி, கழுவக்கூடிய மூடிய காலணி என்றால் சரி என்றார். 1,150 ரூபாயில் ஒன்று வாங்கினேன். கடையிலேயே சோதித்துப் பார்த்தேன். பின்சுவரைக் கட்டைவிரலால் அழுத்தினால் மடங்கவில்லை. விரல்பக்கம் மட்டும் வளைந்தது. ஹீல் பேட் 350. வீட்டுச் செருப்பு 400. மொத்தம் 1,900 ரூபாய்.

முதல் வாரம் ஹீல் பேட் வைத்ததும் காலணியின் மேல்பக்கம் இறுக்கமாக இருந்தது. அரை அளவு பெரியதாக மாற்றிக்கொண்டேன். முதல் நாள் இரண்டு மணி நேரம், பிறகு நாளுக்கு ஒரு மணி நேரம் கூட்டினேன். காலை வலி நின்றுவிடவில்லை. ஆனால் ஆணி இல்லை, இப்போது ஒரு இழுப்பு மட்டும். சுவரைப் பிடிக்காமல் நடக்கிறேன். இரவுப் பணி முடிந்த நாளில் பயிற்சியை விட்டால் மறுநாள் தெரிகிறது.


தஞ்சை வாத்தியார்
ஜூலை 21, காலை 6.00

மகிழ்ச்சி அம்மா. என் பாதத்தில் சிவந்த இடம் புண்ணாகாமல் ஆறிவிட்டது. நைலான் இழைச் சோதனையில் இடது காலில் பல இடங்களில் எனக்குத் தொட்டதே தெரியவில்லை. எம்.சி.ஆர். செருப்பு போட்டிருக்கிறேன். இரவு எரிச்சலுக்கு அது மருந்தல்ல, அதற்குத் தனியாக மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பேரன் தினமும் மாலையில் கைப்பேசி விளக்கை அடித்து என் உள்ளங்காலைப் பார்க்கிறான்.


செம்மண்
ஜூலை 21, காலை 10.30

அக்கா, நான் முதலில் எழுதியதைக் கேட்டு 9,500 கொடுத்திருந்தால் எனக்குத்தான் வருத்தமாக இருந்திருக்கும். என் காலை வைத்து உங்கள் காலுக்குச் சொல்லிவிட்டேன்.


நூல்கண்டு
செப்டம்பர் 14, இரவு 11.30

எங்கள் பிரிவில் ஏழு பேர் சேர்ந்து கேட்டோம். இரண்டு ஸ்டூல் போட்டிருக்கிறார்கள், முறை வைத்து உட்காருகிறோம். கூட்டம் இருக்கும்போது முடியவில்லை. செருப்புக்கு இன்னும் அனுமதி இல்லை. ரப்பர் பாய் பற்றி "பார்க்கலாம்" என்றார்கள். காலைப் பயிற்சியை விடாமல் செய்கிறேன், இடது கால் பரவாயில்லை, வலது இன்னும் வலிக்கிறது. ஐயா, பாய்க்கு என்ன தடிமன் கேட்பது? வரும் செவ்வாய் மேலாளரிடம் மறுபடி போகிறோம்.


வேலூர் பட்டறை
செப்டம்பர் 15, காலை 7.20

இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குக் கேளுங்கள். மிக மெத்தென்று புதைவது வேண்டாம், கால் தள்ளாடிக் கெண்டைக்கால் சோர்ந்துவிடும். ஓரங்கள் சரிவாக இருக்கட்டும், புடவைக் கட்டோடு வரும்போது தடுக்காது. ஏழு பேரும் எந்த இடத்தில் அதிக நேரம் நிற்கிறீர்கள் என்று தரையில் அளந்து, நீள அகலத்தைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.